யாருடைய நகரம்? – 7: அரசே எழுதிய வாக்கியம்

சர்வாதிகாரத்தில் சங்கம் வைக்க முடியுமா? ஜெனரல் ஃபிராங்கோவின் ஸ்பெயினில் கட்சிகளுக்குத் தடை, சுதந்திரமான தொழிற்சங்கங்களுக்கும் தடை. ஆனால் 1964-ல் வந்த சங்கங்கள் சட்டத்தில் ஒரு சிறு சந்து இருந்தது. அரசிடம் அனுமதி வாங்கி, கூட்டம் நடக்கப்போவதை முன்கூட்டியே அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டால், ஒரே பகுதியில் குடியிருப்பவர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சந்துக்குள் புகுந்தவர்களில் மாட்ரிட் நகரத்துக் குடிசைவாசிகளும் உண்டு.

மாட்ரிட்டின் தெற்கு விளிம்பில் இருக்கிறது ஓர்காசிட்டாஸ். 1950-களில் அந்தலூசியா, எக்ஸ்திரமதுரா, லா மாஞ்சா பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே குடிசை போட்டார்கள். அனுமதி கிடையாது என்பதால் கட்டுமானம் இரவில்தான். சொந்தபந்தமெல்லாம் கூடி, விடிவதற்குள் கூரையைப் போட்டுக் குடியேறிவிட வேண்டும். கூரை ஏறிவிட்டால் தப்பித்துவிடலாம். ஏறாவிட்டால் காலையில் காவலர்கள் வந்து சுவரை இடித்துத் தள்ளுவார்கள். உள்ளே குழாயும் இல்லை, சாக்கடையும் இல்லை. மழை பெய்தால் தெரு முழுக்கச் சேறு. நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு ஜோடி ஷூவைக் கையில் எடுத்துப்போய், பஸ் ஏறும் இடத்தில் மாற்றிக்கொள்வார்கள்.

நகரம் வளர வளர, யாரும் சீந்தாத அந்தச் சேற்றுக்கும் விலை ஏறியது. குடிசைகளை அகற்றிவிட்டு அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தது. அதில் யாருக்கு வீடு? இப்போது இருப்பவர்களை வேறெங்காவது அனுப்பிவிடும் வாய்ப்பே அதிகமாகத் தெரிந்தது.

1970-களின் தொடக்கத்தில் உருவான குடியிருப்போர் சங்கம் முழக்கத்தோடு நிற்கவில்லை. திட்டத்தின் காகிதங்களையும் படித்தது. ஃபெலிக்ஸ் லோபெஸ் ரேய் என்ற இளைஞர் அதன் முகமாக இருந்தார். வரைபடங்களுக்கு முன்னால் வைத்திருந்த விளக்கவுரையில், இங்கே வசிப்பவர்களுக்கு இங்கேயே வீடு தருவதுதான் நோக்கம் என்று அரசே எழுதியிருந்தது. அது வெறும் முன்னுரை, யாரையும் கட்டுப்படுத்தாது என்றது எதிர்த்தரப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977-ல் தீர்ப்பு வந்தது: விளக்கவுரையும் திட்டத்தின் பகுதிதான், எழுதியவர்களையும் அது கட்டுப்படுத்தும்.

சர்வாதிகாரமும் கோப்புகளால்தான் ஆள்கிறது. நல்ல பெயருக்காக அதில் நாலு வரி எழுதிவைப்பார்கள். யாரும் படிக்கமாட்டார்கள் என்ற துணிச்சல். ஓர்காசிட்டாஸ்காரர்கள் படித்தார்கள். ஆனால் படித்ததால் மட்டும் ஜெயிக்கவில்லை. வாராவாரம் கூடி, விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க ஒரு சங்கம் இருந்ததால்தான் அந்த ஒரு வரிக்கு உயிர் வந்தது.

பிறகு அவர்கள் கேட்டது வீட்டுச் சாவி மட்டுமல்ல. வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்து பேசினார்கள், பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தெருக்களுக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஒரு சதுக்கத்துக்குச் சங்கத்தின் பெயர், இன்னொன்றுக்கு அந்தத் தீர்ப்பின் பெயர்: ‘கட்டுப்படுத்தும் விளக்கவுரைச் சதுக்கம்’. நீதிமன்றச் சொல் ஒன்று அங்கே தபால் முகவரியாக இருக்கிறது! மாட்ரிட்டில் இப்படிச் சுமார் 30 பகுதிகள், 40,000-ஐ நெருங்கும் வீடுகளோடு, பழைய குடிகளை வெளியேற்றாமலே புதிதாயின. சமூகவியலாளர் மானுவெல் காஸ்டெல்ஸ் 1983-ல் வெளியிட்ட நூலில் இந்த இயக்கத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஃபிராங்கோ 1975 நவம்பரில் இறந்துவிட்டார். தீர்ப்பும் வீடுகளும் அதற்குப் பிறகு வந்தவை. அவர் இருந்திருந்தால் தீர்ப்பு இப்படி வந்திருக்குமா? சந்தேகம்தான். ஆனால் அவர் போன பிறகுதான் சங்கமாகக் கூட ஆரம்பித்திருந்தால், அதற்குள் நிலம் கைமாறியிருக்கும்.

1979-ல் மாட்ரிட்டுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சி வந்தது. சங்கத்துக்காரர்களின் தோழர்களே பதவியில் அமர்ந்தார்கள். இனி கவலையில்லை என்று எல்லோரும் நினைத்த அந்த நேரத்தில்தான் சங்கங்கள் தளர ஆரம்பித்தன. ஏன்? அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)