அகல டயரும் மட்கார்டின் மடிப்பும்

கரோல் பாக் என்றதும் டில்லித் தமிழர்களில் பெரியவர்களுக்குப் பழைய வாடகை வீடுகள் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கோ அது கார் அலங்காரச் சாமான் கடைகள் நிறைந்த இடம். அங்கே அவர்கள் மிகவும் ஆசைப்பட்டு வாங்குவது அகலமான அலாய் வீலும் டயரும்தான். பார்வைக்கு அழகு. வளைவுகளில் வண்டி தரையை இன்னும் நன்றாகப் பற்றும் என்பதும் உண்மை. ஆனால் மாட்டிய நாலாம் நாள், "மாமா, பின்னால் சர்ரென்று உரசுகிறது" என்று வந்து நிற்பார்கள். கார்ப் பட்டறையில் பாடி வேலைப் பகுதியைப் பல வருடங்கள் கவனித்துக்கொண்டவன் நான் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பதிலை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

உரசும் இடங்கள் இரண்டு. முன் சக்கரம், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பில் உரசும். பின் சக்கரம், வண்டி பாரத்தில் அமிழும்போது மட்கார்டு விளிம்பில் உரசும். அந்த விளிம்பின் தகடு உள்பக்கமாக விரல் அகலத்துக்கு மடிந்திருக்கும். கையை விட்டுத் தடவினால் தெரியும். டயரை வெட்டுவது அந்த மடிப்புதான்.

கடைக்காரர் காலி வண்டியை நிறுத்தி, "பாருங்கள், எங்கேயும் படவில்லை" என்று காட்டுவார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் நாம் காலி வண்டியில் ஊருக்குப் போவதில்லை. கோடை விடுமுறையில் ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறையப் பெட்டிகளை அடைத்துக்கொண்டு, ஆக்ரா, ஜான்சி, நாக்பூர் என்று சென்னைவரை ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் போகிறோம். அப்படிக் கிளம்பிய நம்மவர் குடும்பம் ஒன்று பாதி வழியில் திரும்பி வந்தது. அவர்கள் வண்டியின் பின் டயரை நான் பார்த்தேன். வெளித் தோளில் கத்தியால் கீறியதுபோல் சுற்றிலும் ஒரே கோடு. உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் டயர் வெடித்திருக்கும்.

ஆகவே வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். 165/80 ஆர் 14 என்ற டயரை எடுத்துக்கொள்வோம். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம். 14 என்பது ரிம்மின் அங்குலம். மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். 185/65 ஆர் 15 டயருக்கும் கணக்குப் போட்டால் சுமார் 621 வரும். அதனால்தான் ஒரே மாடலின் விலை குறைந்த வண்டிக்கு முதல் அளவையும், விலை கூடிய வண்டிக்கு இரண்டாவது அளவையும் கம்பெனியே போட முடிகிறது. 205/55 ஆர் 16 போட்டால் உயரம் 632 ஆகிவிடும், அகலமும் 40 மில்லிமீட்டர் கூடும்.

இதைவிட முக்கியமானது ரிம்மின் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அச்சில் போல்ட் போடும் பரப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு அது. 'இ.டி. 45' என்று ரிம்மில் பொறித்திருப்பார்கள். ஐந்தரை அங்குல ரிம்முக்குப் பதில் ஏழு அங்குலம் போட்டால் இரண்டு பக்கமும் 19 மில்லிமீட்டர் கூடும். அதோடு ஆஃப்செட் 45இலிருந்து 35 ஆனால் வெளிப்பக்கம் இன்னும் 10 மில்லிமீட்டர் தள்ளும். ஆக, டயர் 29 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடுகிறது. மட்கார்டை எவ்வளவு மடித்தாலும் அவ்வளவு இடம் கிடைக்காது.

சில மில்லிமீட்டர்தான் இடிக்கிறது என்றால் மடிப்பை மேல்நோக்கித் தட்டையாக்கலாம். முறையாகச் செய்பவர்கள் சக்கரத்தைக் கழற்றி, அந்த போல்ட்டுகளிலேயே கை நீண்ட உருளைக் கருவி ஒன்றைப் பொருத்துவார்கள். மடிப்பில் ஒட்டிய மண்ணைக் கழுவி, ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சுமார் 60 டிகிரிவரை சூடாக்கி, உருளையை முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் அழுத்த வேண்டும். பெயின்ட் குளிர்ந்திருந்தால் வெடித்துவிடும். பழைய அடிக்குப் பட்டி போட்டுப் பூசிய இடமென்றால் சூடாக்கினாலும் உதிரும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. பம்பர் திருகு விளிம்பில் இருந்தால் அதையும் முதலில் கழற்ற வேண்டும். முடிந்ததும் மடிப்பின் உள்ளே ப்ரைமரும் சீலரும் பூசாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

சில பட்டறைகளில் நேரம் மிச்சம் என்று கிரைண்டரை வைத்து மடிப்பை அறுத்தே எடுத்துவிடுகிறார்கள். இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கெட்டால் வேறு வாங்கி மாட்டலாம். பின்பக்கத் தகடு பாடியோடு வெல்டிங் ஆனது. வெளித் தகடும் உள் தகடும் சேரும் இடமே அந்த மடிப்புதான். அறுத்தால் இரண்டும் பிரியும், தண்ணீர் உள்ளே போகும், பாடியின் பலமும் குறையும்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் மாற்றங்கள் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருடத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் இதைத்தான் முதலில் கிளறுவார்.

என் அபிப்பிராயம் இதுதான். உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் பெரிய அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மட்கார்டில் கை வைக்கவே தேவை இருக்காது. ஏற்கெனவே அகல டயர் போட்டிருந்தால், குடும்பத்தோடு உட்கார்ந்து, டிக்கியில் பெட்டிகளையும் வைத்து, மடிப்பின் உள்ளே சாக்பீஸைத் தடவிவிட்டு நாலு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குங்கள். இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தும் பாருங்கள். டயரில் வெள்ளைக் கோடு விழுந்தால், பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புங்கள்.