உங்களுக்குத் தெரியுமா? அலாவுதீன் ஏறிய மேடைகள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பிள்ளைகளுக்கு அலாவுதீனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவன் மேடையிலும் திரையிலும் எடுத்த பிறவிகளோ பல.

◆ ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலின் பழைய அரபுப் பிரதிகளில் இந்தக் கதை இல்லை. 1709இல் பாரிஸில் இருந்த அலெப்போ இளைஞர் ஹன்னா தியாப் வாயால் சொன்னதைக் கேட்டுத்தான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் அன்டுவான் கலான் நூலில் சேர்த்தார். அலிபாபா கதையும் தியாப் சொன்னதே.

◆ நூலில் அலாவுதீன் சீனத்துத் தையற்காரர் ஒருவரின் மகன். வாப்பா மௌத்தான பின் உம்மா பஞ்சு நூற்று வீட்டைக் காக்கிறார். மூன்று வரம் என்ற கணக்கே இல்லை. விளக்குப் பூதத்தோடு மோதிரப் பூதமும் உண்டு.

◆ 1788இல் லண்டன் கொவன்ட் கார்டன் அரங்கில் அலாவுதீன் மேடையேறினான். 1861இல் எச்.ஜே. பைரன் எழுதிய நகைச்சுவை நாடகம் அவனுடைய உம்மாவுக்குச் சீனத் தேயிலை வகையொன்றின் பெயரைச் சூட்டியது. பிரித்தானிய மேடைகளில் அந்த உம்மாவாக இன்றும் பெரும்பாலும் ஆண்களே நடிக்கின்றனர்.

◆ ஜெர்மனியின் லொட்டே ரைனிகர் கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கை கால்களை மூட்டு மூட்டாக இணைத்து, அணு அணுவாக நகர்த்திப் படம் பிடித்தார். 1926இல் வெளிவந்த அந்த நிழலுருவப் படத்தில் அலாவுதீனும் வருகிறான். இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களில் மிகப் பழையது அதுவே.

◆ தமிழில் ‘அலாவுதீனும் அற்புத விளக்கும்’ இரண்டு முறை வந்தது. 1957இல் நாகேஸ்வர ராவும் அஞ்சலிதேவியும் நடித்தனர். தெலுங்கிலும் இந்தியிலும் அதே படம் எடுக்கப்பட்டது. 1979இல் ஐ.வி. சசி இயக்கத்தில் கமல்ஹாசன் அலாவுதீனானார்; ரஜினிகாந்தும் உடன் நடித்தார்.

◆ டிஸ்னியின் 1992ஆம் ஆண்டுப் படத்தில் பூதத்துக்குக் குரல் கொடுத்தவர் ரொபின் வில்லியம்ஸ். 2019இல் வில் ஸ்மித் அந்தப் பூதமானார். நூலில் பத்ருல் புதூர் என்றிருந்த இளவரசி டிஸ்னியில் ஜாஸ்மின் ஆனாள். 2014இல் டிஸ்னியின் அலாவுதீன் நியூயோர்க் பிரோட்வே மேடைக்கும் போனான்.

◆ சீனம், லண்டன், சென்னை என்று போன இடமெல்லாம் அந்தந்த ஊர்க்காரனாகவே மாறியவன் நம் ஊர் மேடைக்கும் பொருந்துவான். “பழைய விளக்குக்குப் புது விளக்கு!” என்று தெருவில் கூவி வரும் மந்திரவாதிக்கு, பழைய இரும்பும் போத்தலும் வாங்க வருபவரின் குரலை நம் பிள்ளைகள் அப்படியே கொடுப்பார்கள். இந்தப் பழங்கதைக்கு எவரிடமும் உரிமை கேட்க வேண்டாம். தமிழ் மொழித் தினப் போட்டிக்கு நாடகம் தேடும் ஆசிரியர்களே, நம் பேச்சிலேயே எழுதி, பிள்ளைகளை நடிக்க விடுங்கள்.