காபித்தூள், நாலு கிண்ணம், கும்மிருட்டு... ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம் வாங்க!

சினிமாவில் போட்டோ கழுவும் சீன் வந்தாலே சிவப்பு பல்பு எரியும். அதை நம்பி பாத்ரூமில் சிவப்பு பல்பு மாட்டிடாதீங்க. அந்த வெளிச்சம் பிரின்ட் போடும் பேப்பருக்குத்தான் சரி. இப்போ கடையில் கிடைக்கும் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பையும் பதிவு செய்துவிடும். ஃபிலிமுக்கு வேண்டியது முழு இருட்டு. வீட்டு டார்க்ரூமில் நிஜமாக மெனக்கெட வேண்டியது இதுக்கு மட்டும்தான். மற்ற சாமான் எல்லாம் கிட்டத்தட்ட கிச்சனிலேயே இருக்கு.

ஜன்னலுக்குக் கறுப்பு பாலிதீனை ரெண்டாக மடித்து ஒட்டுங்க. கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்க. ராத்திரியில் செய்தால் பாதி வேலை மிச்சம். லைட்டை அணைத்துவிட்டு 10 நிமிஷம் சும்மா உட்காருங்க. கண் பழகின பிறகும் முகத்துக்கு முன்னால் ஆட்டுற கை தெரியலைன்னா ரூம் ரெடி. நான் இதைச் செய்யாமல் இறங்கினேன். கீசரின் குட்டி இண்டிகேட்டர் லைட் என் முதல் ரோலைக் காலி செய்துவிட்டது. பாட்டி பொக்கைவாயோடு சிரித்த போட்டோவும் அதில் போச்சு. அதனால் இண்டிகேட்டர் மேல் கறுப்பு டேப், ஸ்மார்ட்வாட்ச் வெளியே. போனும் வெளியேதான்! டைம் சொல்ல வீட்டில் யாரையாவது கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார வையுங்க.

கழுவ டேங்க் வேண்டாமா? அக்ஃபா கிளிக் 3 மாதிரி பழைய கேமராவில் போடும் 120 ஃபிலிம் என்றால் வேண்டாம். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம், நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இருட்டில் காகிதத்தைப் பிரித்து, ரெண்டு முனையிலும் துணி கிளிப் மாட்டி, ஊஞ்சல் மாதிரி வளைத்துப் பிடித்து, கிண்ணத்தில் மேலும் கீழுமாக ஓட்டணும். ஃபிலிம் சுருளும் உள்பக்கம்தான் மருந்துப் பக்கம்; அது மேலே பார்த்தபடி இருந்தால் கீறாது. 36 படம் எடுக்கும் ரோல் இதுக்கு ரொம்ப நீளம், அதுக்கு டேங்க் வாங்கிடுங்க.

இடமிருந்து வலமாக நாலு கிண்ணம்: தண்ணீர், காபி, தண்ணீர், ஹைப்போ. எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும், அலுமினியம் மட்டும் வேண்டாம். சோடா அதை அரிச்சிடும். இந்தக் கிண்ணங்கள் இனி சமையலுக்குப் போகக் கூடாது.

காபியா? ஆமா. 1995-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்த வித்தை, பெயர் 'காஃபெனால்'. வேலை செய்வது கஃபீன் இல்லை, காபியில் இருக்கும் கஃபெயிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சலவை சோடா 54 கிராம் (ஆப்பசோடா இல்லைங்க!), வைட்டமின் சி பவுடர் 16 கிராம், சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம். இதே வரிசையில் கரையுங்க. டிகாஷன் வேண்டாம், திக்னெஸ் தினம் ஒரு மாதிரி இருக்கும். நாற்றம்? ஒரு வாரம் காபி குடிக்கத் தோணாது.

20 டிகிரி சூட்டில் 15 நிமிஷம். நம்ம ஊர் பைப் தண்ணி 30 டிகிரி இருக்குமே... கிண்ணத்தை ஐஸ் போட்ட டப்பில் வையுங்க. காய்ச்சல் தெர்மாமீட்டர் 32, 35-க்குக் கீழே காட்டாது. சமையல் தெர்மாமீட்டர்தான் உதவும்.

அடுத்து தண்ணீரில் ஒரு அலசல், பிறகு ஹைப்போ 10 நிமிஷம். இதுக்கு மட்டும் கிச்சனில் மாற்று கிடையாது. மீன் தொட்டிக் கடையில் குளோரின் போக்க விற்கும் ஹைப்போ கல்லே போதும், லிட்டருக்கு 250 கிராம். அது முடிந்த பிறகுதான் லைட்! பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும், செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாதீங்க. கேனில் சேர்த்து வைத்து ஸ்டூடியோ அல்லது எக்ஸ்ரே லேப்பில் வாங்கிக்கிறாங்களான்னு கேளுங்க.

அரை மணி நேரம் தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, கடைசி அலசலில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். கீழ் முனையிலும் ஒரு கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டால் சுருளாமல் காயும். அப்புறம் லேப்டாப்பில் வெள்ளை ஸ்கிரீன் வைத்து, நெகட்டிவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, போனில் போட்டோ எடுத்து, கலரை இன்வர்ட் பண்ணுங்க. என் ரெண்டாவது ரோலில் பாட்டி மறுபடி சிரிக்கிறாங்க, இந்தத் தடவை பல் செட்டோடு.