பரீட்சை அட்டையில் பிறந்த நாதம்

உங்கள் பிள்ளை பரீட்சைக்கு எடுத்துச் செல்லும் அட்டையை ஒருமுறை கையில் எடுத்து விரலால் தட்டிப் பாருங்கள். 'டப்' என்றொரு வறண்ட ஓசை எழும். அந்த அட்டையைக் கொண்டு ஓர் இசைக்கருவி செய்யலாம் என்று எவரேனும் கூறினால் நாம் நகைப்போம். ஆனால் அமெரிக்காவில் ஒருவர் அப்படித்தான் செய்தார். நகைத்தவர்களும் பலர் இருந்தனர். இன்றோ அதே ஒலிக்காகப் பழைய கருவிகளைத் தேடி அலைவோரும், அவற்றின் மறுபதிப்புகளை வாங்கி வாசிப்போரும் உலகெங்கும் உள்ளனர். அந்தக் கருவியின் பெயர் டேன்எலக்ட்ரோ மின்கிதார்.

இசைக்கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஆய்வு இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கைவினையின் வரலாறும், அதிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினையுமே இங்குப் பேசப்படுகின்றன.

கட்டையிலிருந்து கிதார் வரை

அரபியில் 'ஊத்' என்றால் மரக்கட்டை என்று பொருள். மரத்தால் ஆன பழம்பெரும் தந்திக் கருவிக்கும் அதுவே பெயராயிற்று. பத்தாம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்-ஃபாராபி தம் 'கிதாபுல் மூஸீகா அல்-கபீர்' என்னும் பெருநூலில் ஊதைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளார். 'அல்-ஊத்' என்ற சொல்லே ஐரோப்பாவில் 'லூட்' எனத் திரிந்தது. ஆக, தந்திக் கருவி என்றாலே நல்ல மரம் என்பதுதான் நெடுங்கால வழக்கு. எந்த மரம், எவ்வளவு முதிர்ந்தது, எத்தனை ஆண்டு உலர்ந்தது என்பவற்றைக் கொண்டே கைவினைஞர்கள் கருவியின் தரத்தைக் கணித்தனர்.

மின்கிதார் வந்தபோது இந்தக் கணக்கு சற்றே மாறியது. காந்தப் புலத்தில் மாற்றம் ஏற்பட்டால் அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். எஃகுத் தந்தி அதிரும்போது, அதன் அடியில் உள்ள காந்தமும் கம்பிச் சுருளும் அவ்வதிர்வை மின்னோட்டமாக மாற்றுகின்றன. ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஓசையாக்குகிறது. காந்தமும் சுருளும் சேர்ந்த இந்த உறுப்பினையே 'பிக்கப்' என்பர். 1932-இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த முதல் மின்கிதார்களுள் ஒன்று, மரத்தாலன்றி அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. அதன் வடிவத்தைக் கண்டோர் அதற்கு 'வறுசட்டி' என்றே பெயர் சூட்டினர்.

சிக்கனமே மூலதனம்

நாதன் டேனியல் என்பவர் 1912-இல் நியூயார்க்கில் பிறந்தவர். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். முதலில் ஒலிபெருக்கிகள் செய்து பெரும் வணிக நிறுவனங்களுக்கு அளித்து வந்தார். 1947-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் டேன்எலக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். 1954 முதல் கிதார்களும் செய்யலானார். அவற்றுள் பெரும்பகுதி சியர்ஸ் என்னும் நிறுவனத்தின் வழியே 'சில்வர்டோன்' என்ற பெயரில் விற்பனையாயின. சியர்ஸ், தபால் மூலம் விலைப்பட்டியல் அனுப்பி வீட்டுக்கே பொருள் சேர்ப்பித்த நிறுவனம். கடைவீதி இல்லாத சிற்றூர்க் குடும்பமும் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பொருள் வாங்க முடிந்தது.

டேனியல் தம் முன் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: எளிய வீட்டுப் பிள்ளையின் கைக்கும் எட்டும் விலையில், ஒழுங்காகச் சுருதி சேரும் கருவியை எப்படிச் செய்வது?

அவர் கண்ட விடையைப் பாருங்கள். மலிவான மரத்தால் ஒரு சட்டம். அதன் முன்னும் பின்னும் மேசொனைட் பலகை. மரச்சிம்புகளை நீராவியால் சிதறடித்து, அழுத்திப் பலகையாக்கும் முறையை வில்லியம் மேசன் 1920களில் கண்டுபிடித்தார். அந்த இனத்துப் பலகைதான் நம் வீட்டுப் பரீட்சை அட்டையும். பலகையின் விளிம்புகள் அழகாக இரா. ஆதலால் சுற்றிலும் பிளாஸ்டிக் நாடா ஒட்டி மறைத்தார். உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். ஆகவே கருவி மிக இலேசானது.

பிக்கப்பை மூடுவதற்கு உறை வேண்டும். புதிதாக அச்சு வார்த்தால் செலவு மிகும். உதட்டுச்சாயம் அடைக்கும் உலோகக் குழாய்களை மலிவாக வாங்கினார். சலாகை வடிவக் காந்தத்தின்மேல் கம்பியைச் சுற்றி, நாடாவால் கட்டி, குழாயினுள் நுழைத்து மூடினார். ஆம் வாசகர்களே, பெண்களின் கைப்பையில் இருந்த அதே வகைக் குழாய்தான்! இன்றும் அந்த வகைப் பிக்கப்புக்கு 'லிப்ஸ்டிக் குழாய்' என்பதே பெயர்.

விலையை ஒப்பிட்டால் அவருடைய எண்ணம் விளங்கும். புகழ்பெற்ற ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வெளிவந்தபோது ஏறத்தாழ 250 டாலர். 1962-இல் சில்வர்டோன் பெயரில் வந்த 1448 என்ற கிதார் 70 டாலருக்கும் குறைவு. அந்த விலையில் கிதார் மட்டுமன்று. அதைச் சுமந்து செல்லும் பெட்டியும், அப்பெட்டிக்குள்ளேயே பொருத்திய ஒரு சிறு ஒலிபெருக்கியும் சேர்ந்தே வந்தன. பெட்டியைத் திறந்து, நிறுத்தி, மின்சாரம் கொடுத்தால் போதும். பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடலாம். அமெரிக்காவில் ஒரு தலைமுறையினர் பலருக்கு முதல் கிதார் இதுவாகவே இருந்தது.

அந்த ஒலி எத்தகையது?

சிக்கனத்துக்காகச் செய்யப்பட்டவை யாவும் ஒலியில் தம் முத்திரையைப் பதித்தன. உலோகக் குழாய்ப் பிக்கப்பின் மின்வலிமை குறைவு. ஆயினும் அதன் ஓசை தெளிவும் பளபளப்பும் உடையது. கண்ணாடிக் குவளையில் கரண்டி பட்டாற்போன்று ஒவ்வொரு சுரமும் தனித்து ஒலிக்கும். உள்ளே வெற்றிடம் உள்ளதால், அந்தக் கூர்மைக்கு அடியில் பெட்டி அதிரும் ஒரு மென்மையும் கேட்கும். இரண்டு பிக்கப்புகளையும் ஒருசேர இயக்கினால் அவை தொடர் இணைப்பில் சேர்ந்து, ஒலி திடீரெனப் பருத்து ஓங்கும். பெரும்பாலான கிதார்களில் இவை பக்க இணைப்பில் இருப்பதால் அந்த எழுச்சி கிட்டாது. விலையுயர்ந்த மரத்தில் செய்த வேறு கிதாரை வைத்துக்கொண்டு இந்த ஒலியைப் பெற முயன்றோர், இறுதியில் இந்த மலிவான கருவியையே நாடினர்.

நம் நாட்டோடும் இதற்கு ஓர் உறவு உண்டு. 1967-இல் இதே தொழிற்சாலை, கிதார்க் கலைஞர் வின்னி பெல்லின் துணையோடு 'கோரல் சிதார்' என்ற மின்கருவியை உருவாக்கிற்று. தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் நூலிழையை நுழைத்து நாதத்தைக் கூட்டுவதை நீங்கள் அறிவீர்கள். சிதாரிலும் அகன்ற குதிரையில் தந்தி உரசுவதாலேயே அந்த ரீங்காரம் பிறக்கிறது. கோரல் சிதாரின் குதிரையும் அவ்வாறே தட்டையாக அமைக்கப்பட்டது. உடன் அதிர்வதற்கெனத் தனியே 13 தந்திகளும் இருந்தன. ஸ்டீவி வொண்டர் 1970-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடலின் தொடக்கத்தில் ஒலிப்பது இந்தக் கருவிதான்.

ஊதோடு மீண்டும் ஒரு சந்திப்பு

மற்றோர் உறவு இன்னும் வியப்பானது. 1960களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் மொராக்கோவுக்குச் சென்றார். அங்கே ஊத் வாசிப்போருடன் இணைந்து இசைக்க வேண்டி, கிதாரின் வழக்கமான சுருதி அமைப்பை மாற்றி 'டி, ஏ, டி, ஜி, ஏ, டி' என ஆறு தந்திகளையும் கூட்டினார். இந்த அமைப்பைப் பின்னர் லெட் செப்லின் குழுவின் ஜிம்மி பேஜ் கையாண்டார். மேடையில் அந்தச் சுருதிக்கென அவர் எடுத்துக்கொண்ட கருவி, விலைமிக்க கிதாரன்று, டேன்எலக்ட்ரோவே. 1975-இல் வெளிவந்த அவர்களது 'காஷ்மீர்' என்ற பாடலை மேடைகளில் அவர் இதில்தான் வாசித்தார். பெயர் காஷ்மீர் ஆயினும், அப்பாடலின் வரிகள் தென் மொராக்கோவின் பாலைவழிப் பயணத்தில் எழுந்தவை. மரக்கட்டையின் பெயர் தாங்கிய ஊதின் சுருதி, மரச்சிம்புப் பலகையால் ஆன கிதாரில் வந்து அமர்ந்த விந்தையை என்னென்பது!

வாங்கி வாசிப்போர் அறிய வேண்டியவை

1966-இல் டேனியல் தம் நிறுவனத்தை எம்.சி.ஏ. நிறுவனத்துக்கு விற்றார். 1969-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் வேறொரு நிறுவனம் அப்பெயரை வாங்கி, பழைய வடிவிலேயே புதிய கிதார்களை வெளியிடத் தொடங்கியது. ஆதலால் இன்று பழையதும் உண்டு, பழைய பாணிப் புதியதும் உண்டு.

பழையதை வாங்குவோர் முதலில் கழுத்துப் பகுதியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நோக்குக. உள்ளே உள்ள எஃகுச் சட்டங்கள் திருகிச் சரிசெய்யத்தக்கவை அல்ல. கழுத்து வளைந்திருந்தால் திருத்துவது கடினம். குதிரையின் மேற்கட்டை ஒரே ஈட்டிமரத் துண்டு. அதை முன்னும் பின்னும் நகர்த்தி, பன்னிரண்டாம் மெட்டில் சுருதி பிசகாதவாறு வைக்க வேண்டும். ஆறு தந்திகளுக்கும் முற்றும் பொருந்தாது, ஓரளவுக்கே பொருந்தும். புதியவை சிலவற்றில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனித் துண்டு உண்டு.

நீர் இதற்குப் பகை. ஈரத் துணியால் துடைத்தால் பலகையின் விளிம்பு உப்பும். கடும் வெயிலில் வைத்தால் ஒட்டிய நாடா கழன்று வரும். குழல் விளக்கின் அருகே இரைச்சல் தரும். ஒலிபெருக்கியின் வாய்க்கு நேரே நின்று ஓசையைக் கூட்டினால் வெற்றுப் பெட்டி அதிர்ந்து ஊளையிடும். இவற்றைக் குறை என்று கருதிப் பஞ்சை அடைத்தும் பிக்கப்பை மாற்றியும் 'திருத்துவோர்' உண்டு. திருத்தி முடிக்கையில் அந்தத் தனி ஒலியும் போய்விடும்! ஓசையைக் குறைத்து, மெல்ல மீட்டி, கருவி எதைச் சொல்ல விரும்புகிறது என்று கேட்பதே சிறந்த வழி.

தட்டிப் பாருங்கள்

நாதன் டேனியல் 1994-இல் ஹவாயில் காலமானார். தம் பெயரின் ஒரு பகுதியைத் தாங்கிய கிதார்கள் மீண்டும் கடைகளில் தொங்கியதை அவர் காணவில்லை. ஆனால் அவர் செய்த வேலை ஓர் உண்மையை நிலைநாட்டிற்று. மலிவான பொருள் வேறு. மலிவான வேலை வேறு. அவர் மலிவான பொருளை எடுத்தார். வேலையில் மலிவு காட்டவில்லை. கழுத்து நேராக இருந்தது; சுருதி சேர்ந்தது; பிள்ளை வாசிக்க முடிந்தது.

நம் இல்லங்களிலும் பிள்ளைக்குத் தையல் இயந்திரமோ, தச்சுக் கருவியோ, கணிப்பொறியோ வாங்கும் வேளை வரும். பக்கத்து வீட்டில் உள்ளதைப் போன்ற விலையுயர்ந்தது வாங்க இயலவில்லையே என்று பெற்றோர் குன்றிப் போவதுண்டு. அப்போது விலைச்சீட்டை மட்டும் பாராதீர்கள். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். செய்கிறதெனில், தயங்காமல் பிள்ளையின் கையில் கொடுங்கள். எளிய பலகையையும் வெற்றுக் குழாயையும் கொண்டு, வேறெந்தக் கருவியிலும் எழாத நாதத்தை ஒருவர் எழுப்பிக் காட்டியிருக்கிறார் அல்லவா?