ஒரே ஆண்டுப் பெயர், அறுபது ஆண்டு வேறுபாடு: சீனப் பீங்கான் ஓவியப் பலகை சேகரிப்போர் அறிய வேண்டியவை

புதுதில்லி: தொலைவிலிருந்து பார்த்தால் சட்டமிட்ட ஓவியம் போலவே தோன்றும். அருகில் சென்றால்தான் அது தாளிலோ துணியிலோ வரையப்பட்டதன்று, வெள்ளைப் பீங்கானில் வண்ணம் தீட்டிச் சூளையில் சுட்டெடுத்தது என்பது புலப்படும். நீண்ட தாடி முதியவர், கையில் பீச் பழம், காலடியில் மான். அல்லது ஊன்றுகோலுடன் நொண்டி நடக்கும் துறவி, தோளில் சுரைக்குடுக்கை. இவர்கள் சீன நாட்டுப்புறக் கதைகளின் மாந்தர்கள். இத்தகைய பீங்கான் ஓவியப் பலகைகள் பழம்பொருள் கடைகளிலும் இணையவழி ஏலங்களிலும் விற்பனைக்கு வருகின்றன.

இவற்றை வாங்குவோர் கேட்கும் முதல் கேள்வி, இது அசலா, போலியா என்பதே. இந்தியாவில் வாழ்வோர் அதனுடன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: இதன் வயது நூறு ஆண்டுகளைக் கடந்ததா? விலையை மட்டுமின்றி, அப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியுமா என்பதையும் அந்த விடையே தீர்மானிக்கிறது.

ஜனக்புரியில் இது ஏன் முக்கியம்?

மேற்கு தில்லியின் ஜனக்புரி, தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கிய பெரிய குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. பணி நிமித்தம் தலைநகருக்கு வந்து நிலைத்த தமிழ்க் குடும்பங்களும் இங்கு உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளுள் ஒன்று இங்கு இயங்குகிறது. பணி ஓய்வுக்குப் பின் பிள்ளைகள் வாழும் அயல்நாட்டுக்குச் செல்வோர், வீட்டுச் சுவரில் இருந்த பழைய பொருள்களையும் பெட்டியில் வைக்க விரும்புவது இயல்பு. சட்டத்தின் பார்வையில் அவை எவை என்பதை விமான நிலையத்தில் தெரிந்துகொள்வதைவிட, முன்னரே தெரிந்துகொள்வது நல்லது.

ஜனக்புரியில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தில்லி ஹாட் கைவினைச் சந்தையில், பொருளைச் செய்தவரிடமே நேரில் கேட்டு வாங்கும் வாய்ப்பு உண்டு. பழைய சீனப் பலகைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனிடம் கேட்க வேண்டியவற்றை, அதன் உருவம், எழுத்து, பின்புறம் ஆகியவற்றிலிருந்தே அறிய வேண்டும்.

எங்கே, எப்படிச் செய்யப்பட்டன?

இவ்வகைப் பலகைகளின் தாயகம் சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்திலுள்ள ஜிங்தேஜென் நகரம். பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண்ணை உலகம் ‘கயோலின்’ என்று அழைப்பது, அந்நகருக்கு அருகிலுள்ள காவோலிங் என்னும் ஊரின் பெயரால்தான்.

களிமண்ணையும் பீங்கான் கல்லின் பொடியையும் கலந்து தட்டையாக்கி, மெருகு பூசி, ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுவார்கள். அதன்பின் மெருகின்மேல் வண்ணம் தீட்டி, 700 முதல் 800 பாகை வெப்பத்தில் மீண்டும் சுடுவார்கள். கிண்ணத்தையும் குடுவையையும்விடத் தட்டையான பலகையைச் சுடுவது கடினம். சூளைச் சூட்டில் அது வளையும், முறுகும், விரிசல் விடும். ஆகவேதான் பெரிய பலகைகள் அந்நாளில் விலை மிகுந்திருந்தன. பழைய பலகைகளில் மெல்லிய வளைவோ மேடுபள்ளமோ காணப்படுவதும் இதனால்தான்.

1850களில் தைப்பிங் கிளர்ச்சிப் போரில் ஜிங்தேஜென் பெருஞ்சேதம் அடைந்தது. அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ‘சியான்ஜியாங்’ என்னும் மென்வண்ணப் பாணி செழித்தது. கறுப்புக் கோட்டின்மேல் இளஞ்செம்பழுப்பு, வெளிர்நீலம், வெளிர்பச்சை ஆகியவற்றை மெல்லியதாகத் தீட்டி, தாள் ஓவியத்தின் தோற்றத்தைப் பீங்கானில் கொணர்ந்த பாணி அது. செங் மென், ஜின் பின்சிங், வாங் ஷாவ்வெய் ஆகியோர் இதில் பெயர் பெற்றவர்கள்.

1911ஆம் ஆண்டுப் புரட்சியால் சிங் அரசமரபு வீழ்ந்ததும், அரண்மனைக்கெனப் பணியாற்றும் முறை முடிவுக்கு வந்தது. ஓவியர்கள் சொந்தப் பட்டறைகளில், சொந்தப் பெயரில் வரையலாயினர். 1928ஆம் ஆண்டு அவர்களுள் சிலர் ‘முழுநிலா மன்றம்’ என்னும் குழுவாகக் கூடினர். பிற்காலத்தார் அவர்களை ‘ஜூஷானின் எட்டு நண்பர்கள்’ என அழைத்தனர். பெயர் எட்டு என்றாலும், இக்குழுவினராகப் பத்துப் பேர் வரை குறிப்பிடப்படுவது உண்டு. மாந்தர் உருவங்களை வரைவதில் வாங் சி, வாங் தாஃபான் ஆகிய இருவரும் தலைசிறந்தவர்கள். ஏலங்களில் பெருவிலை பெறுவனவும், மிகுதியாகப் போலி செய்யப்படுவனவும் இக்குழுவினரின் பலகைகளே.

உருவங்களை அடையாளம் காண்பது எப்படி?

வேல் ஏந்தியவர் முருகன், சங்கு சக்கரம் தாங்கியவர் திருமால் என்று கொலுப்படியில் குழந்தையும் சொல்லிவிடும். சீன உருவங்களும் கையிலுள்ள பொருளால்தான் அறியப்படுகின்றன.

மிகுதியாகக் காணப்படுவோர் எட்டுச் சித்தர்கள். ஊன்றுகோலும் சுரைக்குடுக்கையும் உடையவர் லீ தியேகுவாய். முதுகில் வாள் தாங்கியவர் லூ தோங்பின். விசிறி வைத்திருப்பவர் ஜோங்லி சுவான். தாமரை ஏந்திய பெண் ஹே சியான்கு. புல்லாங்குழலுடன் இருப்பவர் ஹான் சியாங்சி. பூக்கூடை சுமப்பவர் லான் சாய்ஹே. தாளக்கட்டைகளுடன் இருப்பவர் சாவ் குவோஜியு. கோவேறு கழுதையோடு வரும் முதியவர் ஜாங் குவோலாவ்.

மேடிட்ட நெற்றியும் பீச் பழமும் உடைய முதியவர் ஷோஷிங், நீண்ட ஆயுளின் தெய்வம். மூன்றுகால் தேரையுடன் காசுமாலையைச் சுழற்றி விளையாடுபவர் லியூ ஹாய். அவர் செல்வத்தின் அடையாளம். தாடியும் உருட்டும் விழிகளுமாக வாள் ஏந்தி நிற்பவர் ஜோங் குய். பேய்களை அடக்கும் காவலர் என்பது நம்பிக்கை.

தமிழருக்கு நெருக்கமான ஓர் உருவமும் இவற்றுள் உண்டு. அடர்ந்த புருவமும் தாடியும் கொண்ட ஒரு துறவி, ஒரேயொரு நாணல்மீது நின்று ஆற்றைக் கடப்பார். அவர் தாமோ, அதாவது போதிதர்மர். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு அவரைச் சொல்கிறது. காஞ்சிபுரத்தவர் என்பது பரவலான மரபு. 2011ஆம் ஆண்டு வெளியான ‘7ஆம் அறிவு’ திரைப்படம் அவரைத் தமிழ்நாட்டில் வீட்டுப் பெயராக்கியது.

உருவம் எது என்று அறிந்தால், பலகை எதற்காகச் செய்யப்பட்டது என்பதும் விளங்கும். ஷோஷிங் பிறந்தநாள் பரிசுக்கு உரியவர். ஜோங் குய் வீட்டுக் காவலுக்கு உரியவர். உருவத்துக்கும் அதனுடன் எழுதியுள்ள வாசகத்துக்கும் பொருத்தம் இல்லையெனில், அது முதல் எச்சரிக்கை.

பெயர் திரும்பி வரும் ஆண்டுகள்

பலகையின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு செய்யுள் வரி, ஆண்டு, ஓவியரின் பெயர், முத்திரை ஆகியவை இருக்கும். ஆண்டைப் படிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிரபவ முதல் அட்சய வரை தமிழில் அறுபது ஆண்டுகள் சுழல்வதைப் போலவே, சீனத்திலும் அறுபது ஆண்டுப் பெயர்கள் சுழல்கின்றன. ‘ஜியாட்ஸி’ என்று எழுதியிருந்தால் அது 1864 ஆகலாம், 1924 ஆகலாம், 1984 ஆகவும் இருக்கலாம். தமிழில் ‘இரத்தாட்சி’ என்று மட்டும் எழுதிய பழைய பத்திரத்தைப் படிக்கும்போது நேரும் குழப்பம் போன்றதே இது.

சீனக் குடியரசின் ஆண்டு குறிக்கப்பட்டிருந்தால் கணக்கு எளிது. 1912 முதல் ஆண்டு என்பதால், எழுதியுள்ள எண்ணுடன் 1911ஐக் கூட்ட வேண்டும். குடியரசு 17 என்றால் 1928.

கையொப்பத்தை மட்டும் நம்புவது ஆபத்து. எழுத்தைப் பார்த்து எழுதுவது எளிது. பீங்கானின் உடலைப் போலி செய்வது அதைவிடக் கடினம். ஆகவே சட்டத்திலிருந்து பலகையைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பழைய பலகைகளின் பின்புறம் பெரும்பாலும் மெருகற்றது. கத்தி அல்லது துணி பட்ட தடங்கள் தெரியும். முழுவதும் ஒரே சீராகத் தட்டையாக இருப்பின், அது இயந்திரத்தால் உருட்டிய அண்மைக்காலப் பலகையாக இருக்கக்கூடும். பின்புறம் மட்டும் அளவுக்கு மீறிப் பழுப்பேறி இருந்தாலும் ஐயம் கொள்ள வேண்டும். வேதிப்பொருளாலும் தேயிலைச் சாற்றாலும் பழமையை ஏற்றுவது உண்டு.

முன்புறத்தை பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பார்த்தால், ஒழுங்கான சிறு புள்ளிகள் அச்சிட்ட படத்தைக் காட்டிக் கொடுக்கும். கையால் தீட்டியதில் தூரிகையின் தொடக்கமும் முடிவும் தெரியும். இளஞ்சிவப்பு வகை வண்ணங்கள் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். புறஊதா விளக்கில், ஒட்டிச் சீர்செய்த இடங்கள் பல நேரங்களில் வேறு நிறமாக ஒளிரும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் பழக்கம் இங்கும் உதவும்: விரிசல் கண்ட பலகை மணியோசை தராது.

சட்டம் சொல்வது என்ன?

‘தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம், 1972’, 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடைய ஓவியம், சிற்பம், கைவினைப் பொருள் முதலியவை அதன்படி தொல்பொருள்கள். பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று அந்த வரையறை பிரித்துப் பார்க்கவில்லை. தொல்பொருளை மத்திய அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ அன்றி வேறெவரும் ஏற்றுமதி செய்ய இயலாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தொல்பொருள் விற்பனை செய்வோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

இங்கேதான் அறுபது ஆண்டு வேறுபாடு பொருள் பெறுகிறது. ஜியாட்ஸி பலகை 1984ஆம் ஆண்டினது என்றால் அது அண்மைக்கால அலங்காரப் பொருள். 1924ஆம் ஆண்டினது என்றால் 2024லேயே நூறாண்டு நிறைந்துவிட்டது. முழுநிலா மன்றம் தொடங்கிய 1928ஆம் ஆண்டில் வரைந்த பலகை 2028ல் அந்த எல்லையைத் தொடும். வாங்கிய நாளில் தொல்பொருளாக இல்லாதது, வீட்டுச் சுவரில் இருக்கும்போதே தொல்பொருளாகிவிடும். எட்டு நண்பர்களின் காலத்துப் பலகைகள் ஆண்டுக்கு ஆண்டு இவ்வாறு எல்லையைக் கடந்து வருகின்றன.

வயதில் ஐயம் இருப்பின், பொருளை இந்தியத் தொல்லியல் துறையின் வல்லுநர் குழுவிடம் காட்டி, தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழ் பெறலாம். துறையின் தலைமையகமான தரோஹர் பவன், தில்லி திலக் மார்க்கில் உள்ளது. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே இதைத் தொடங்குவது நல்லது. பெருவிலை கொடுத்து ‘நூறாண்டுப் பழமை’ என்று வாங்கியவர், அந்த ரசீதை வைத்துக்கொண்டே ‘பழமையானதன்று’ என வாதிட முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தில்லி மண் தரும் பாடம்

சீனப் பீங்கான் தில்லிக்குப் புதிதன்று. துக்ளக் கால அரண்மனைப் பகுதியான பெரோஸ் ஷா கோட்லாவில், 14ஆம் நூற்றாண்டின் யுவான் கால நீல-வெள்ளைப் பீங்கான் உடைந்த நிலையில் கிடைத்தது. பெரோஸ் ஷா துக்ளக் தம் ஆட்சிக் குறிப்பில், கலங்களிலும் ஆடைகளிலும் உருவங்கள் வரைவதைத் தடை செய்ததாகக் கூறியுள்ளார். பீங்கான் உடைக்கப்பட்டதை இத்தடையுடன் தொடர்புபடுத்தும் கருத்தும் உண்டு. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன.

இவை முழுமையான கலங்கள் அல்ல, உடைந்தவையே. ஆயினும் எங்கே கிடைத்தன என்பது தெரிந்திருப்பதால், கடல் வணிகத்தையும் அரண்மனை வாழ்வையும் அவை விளக்குகின்றன. வரலாறு தெரியாத முழுப்பலகை வெறும் அழகுப் பொருளாகவே நிற்கும்.

ஆகவே யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கியது, அதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதை எழுதி, ரசீதுடனும் முன்பின் படங்களுடனும் பாதுகாப்பது சேகரிப்பாளரின் முதற்கடமை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாயின் சுங்க ஆவணமும் உடன் இருக்க வேண்டும். மென்வண்ணப் பலகைகளின் நிறம் எளிதில் தேயும் என்பதால், ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காமல் மென்மையான தூரிகையால் தூசியை அகற்ற வேண்டும். தில்லி நில அதிர்வு வாய்ப்புள்ள பகுதி. கனமான பலகையை ஒற்றை ஆணியில் தொங்கவிடாமல், இரு புறமும் திருகாணி கொண்டு பொருத்துவது பாதுகாப்பானது.

பழைய சீனப் பீங்கானை நேரில் கண்டு கண்ணைப் பழக்க விரும்புவோர், ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலுள்ள சீனக் கலைக்கூடத்தைப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இணையான காப்பு, கையொப்பத்திலும் இல்லை, விற்பவரின் சொல்லிலும் இல்லை.