மீனின் வயதைச் சொல்லும் அணுகுண்டு

கத்தாளை மீனின் தலையைப் பிளந்து சமைக்கும் சகோதரிகள் அதனுள்ளே வெண்ணிறக் கற்கள் இரண்டைக் கண்டிருப்பார்கள். அவை மீனின் செவிக்கற்கள். மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வளையங்களைப் போல் இக்கற்களிலும் வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணியே மீனின் வயதைக் கணிக்கின்றனர். சுறாவுக்கு இத்தகைய பெரிய கற்கள் இல்லையாதலால், முதுகெலும்பில் தோன்றும் வளையங்களை எண்ணுவர்.

எண்ணுவது பெரிதன்று. ஒரு வளையம் ஓராண்டைக் குறிக்கிறதா, அரையாண்டையா என்பதிலேதான் சிக்கல். உலகின் மிகப் பெரிய மீனாகிய திமிங்கலச் சுறாவைப் பற்றி இந்த ஐயம் நெடுநாள் தீராதிருந்தது. 50 வளையங்கள் இருந்தால் வயது 50 எனக் கொள்வதா, 25 எனக் கொள்வதா?

கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தைக் கணிக்க உதவிய கார்பன்-14 இங்கே நேரடியாக உதவாது. அது பாதியாகச் சிதைவதற்கு 5,730 ஆண்டுகள் ஆகும். 50 ஆண்டுகளில் குறைவது நூற்றில் ஒரு பங்குகூட இராது. அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு ஒரு மீனின் வயதைச் சொல்ல முடியுமா?

வழி காட்டியது, வியப்பாகத்தான் இருக்கிறது, மனிதன் செய்த ஒரு தீமை. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றிலிருந்த கார்பன்-14 ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அத்தகைய சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை 1963இல் ஏற்பட்ட பின்னரே அது குறையத் தொடங்கியது. காற்றில் மிகுந்ததைக் கடல் சிறுகச் சிறுக உள்வாங்கிற்று. கடல்நீரிலிருந்து நுண்ணுயிர்களுக்கும், அவற்றை உண்ட மீன்களுக்கும் அது சென்றது. அக்காலத்தில் உருவான வளையங்களில் அப்படியே தங்கியும் விட்டது.

எங்கள் காஞ்சி நெசவாளர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒரு தடவை சாயம் சற்றுத் தூக்கலாக ஏறிவிட்டால், அந்த நூலில் நெய்த சேலை எத்தனை ஆண்டுகள் கழித்துப் பெட்டியிலிருந்து வெளிவந்தாலும் அடையாளம் தெரியுமல்லவா? மீனின் வளையத்திலும் அப்படியே. எந்த ஆண்டில் கடலில் எவ்வளவு ஏறியது என்பதற்குப் பவளங்கள் சான்று கூறுகின்றன. அவற்றிலும் ஆண்டு வளையங்கள் உண்டு. மீனின் வளையங்களை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் போதும்.

பாகிஸ்தானிலும் தைவானிலும் பாதுகாத்து வைத்திருந்த திமிங்கலச் சுறா எலும்புகளை ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐஸ்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் இவ்வாறு சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டனர். ஒரு வளையம் ஓராண்டுதான். 10 மீட்டர் நீளமிருந்த பாகிஸ்தான் சுறா ஏறத்தாழ 50 வயதில் இறந்திருந்தது.

வயது இரு மடங்கானால் வளர்ச்சி பாதி வேகம் என்றாகிறது. பிடித்துக் கொன்றதை ஈடுசெய்யக் கடலுக்கு அவ்வளவு நீண்ட காலம் வேண்டும். குஜராத்தின் வேராவல் கரையில் இம்மீனை இறைச்சிக்காகவும், மரப்படகுகளுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகவும் ஒரு காலத்தில் பெருமளவில் வேட்டையாடினர். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் தடை விதித்தது. வயது உறுதியாகும் முன்பே வந்த தடை அது. நல்லவேளை, ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை. தப்பித் தவறி வலையில் சிக்கும் சுறாவை வலையை அறுத்து விடுவிக்கும் குஜராத் மீனவருக்கு, அவ்வலைக்கான இழப்பீட்டை அம்மாநில வனத்துறை வழங்குகிறது.