கூத்து வாளும் கொல்லன் உலையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களில் வடமோடிக் கூத்து ஆடப்பெறும் இரவுகளிலே, களரியைச் சுற்றி அமர்ந்திருக்கும் சிறுவரின் கண்கள் அரசனின் முடியைவிட அவன் கையிலுள்ள வாளையே பின்தொடரும். விடிந்ததும் தென்னை மட்டையைச் சீவி ஆளுக்கொரு வாள் செய்துகொள்வர். நாமும் செய்தவர்களே.

இன்றைய மாணவர் சிலர் மட்டையோடு அமைவதில்லை. வீட்டுக் கொல்லையிலே உலை வைத்து இரும்பில் வாள் அடிக்க விரும்புகின்றனர். பெற்றோர் இவ்வாசையை அறவே தடுத்துவிட வேண்டியதில்லை என்பது எமது எண்ணம். ஆனால், தொடங்கும் இடம் வேறு.

கூத்து வாள் மரத்தால் ஆனது. தாளக்கட்டுக்கு ஆடியவாறே பொருதுவோர்க்கு வாள் இலேசாக இருத்தல் வேண்டும். கால் தவறினும் எதிரே ஆடுபவர்க்குக் காயம் நேரலாகாது. இதனைச் செய்ய விரும்புவோர் கைப்பிடியையும் அலகையும் ஒரே பலகையில் வெட்டுதல் நன்று. ஆணியால் அறைந்த பிடி ஆட்டத்தின் நடுவே கழன்று சபையினுள் பாயும்! நுனியை உருட்டி, ஓரங்களை அரத்தாள் கொண்டு தேய்த்து, வெள்ளித்தாள் ஒட்டினால், விளக்கொளியிலே அதனை இரும்பன்று என யாரும் சொல்லார்.

இனி இரும்பு. சென்ற ஆண்டு எமது மாணவன் ஒருவன் நாகப்பூச்சுள்ள பழைய நீர்க்குழாயைத் தகட்டுக் கொட்டகையினுள் வைத்துக் காய்ச்சினான். வெண்புகை எழுந்தது, அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் கண்டன. நாகப்புகையை உள்ளிழுப்பதால் வரும் காய்ச்சல் அது. மறுநாள் தணிந்தது அவனது நற்பேறு. பின்னர் அவனை ஊர்க் கொல்லர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் சம்மட்டியைத் தொட விடவில்லை. "தம்பி, முதலில் நெருப்பைப் பார்க்கப் பழகு" என்றார். இரண்டு சனிக்கிழமைகள் அவன் சிரட்டைக்கரி இட்டுத் துருத்தியைச் சுற்றியதோடு சரி.

அவர் கூறியதிலே பொருளுண்டு. இரும்பு செம்மஞ்சளாக ஒளிரும்போதே அடிக்கவேண்டும். மங்கிய சிவப்பாக இறங்கியபின் அடித்தால் வெடிப்புக் காணும். மிகக் காய்ந்து பொறி பறந்தால் இரும்பே எரிகின்றது என்பது பொருள். நிறத்தை வெயிலிலே மதிப்பிட இயலாது. ஆதலாற்றான் பட்டடைகள் நிழலில் இருக்கின்றன. உருக்கைக் கடினமாக்குவது இன்னும் நுட்பமானது. லொறியின் வில்லுத்தகட்டில் அடித்த கத்தியை ஏறத்தாழ 770 பாகை செல்சியசுக்கு மேல், காந்தம் ஒட்டாத நிலை கடக்கும்வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்க்கின்றனர். பின்னர் மெல்லச் சூடேற்றினால் 230 பாகையளவில் வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் நீலமும் தோன்றும். நீலம்வரை விட்டால் கடினம் சற்றுக் குறையினும் எளிதில் முறியாது. மூன்றடி வாளை இவ்வாறு முழு நீளத்திலும் ஒரே சூட்டில் வைத்திருக்கக் கொல்லைப்புறச் சிற்றுலையால் முடியாது. வாள் கோணும், அல்லது தோய்க்கையில் வெடிக்கும். கொக்கி, உளி, தாக்கத்தி என்று படிப்படியாக ஏறுவதே முறை. காட்சிக்கு மட்டும் வைக்கும் வாளானால் மென்னிரும்பு போதும். அதனைக் கடினமாக்கவே வேண்டாம்.

காற்றைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவவில், மலைச்சரிவுகளிலே 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கிய உலைகளை ஆராய்ந்தவர் கில் ஜுலெஃப் அம்மையார். தென்மேற்குப் பருவக்காற்றே அவ்வுலைகளை ஊதியது என்பதை 1994இல் உலை கட்டி உருக்கிக் காட்டினார். 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தியும் 'சரந்தீப்' உருக்கைக் குறிப்பிட்டுள்ளார். அப்பருவக்காற்றே மலைகளைக் கடந்து, உலர்ந்த கச்சானாக எம்மிடம் வருகின்றது. அது வீசும் நாளிலே கிடுகு வேலியருகில் உலை மூட்டுவது ஊரையே கொளுத்துவதாகும். திறந்த வெளி, பருத்தி உடை, கண்ணாடி, சப்பாத்து, அருகே வாளி நிறைய நீர், உடன் ஒரு பெரியவர் ஆகிய இவையின்றித் தீ மூட்ட விடாதீர்கள்.

கூர் தீட்டுவதும் வேண்டாம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், வாள்களைப் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்குமாறு அறிவித்தல் வந்ததை இங்குள்ள எக்குடும்பமும் மறந்திராது. வீதியிலே வாளோடு செல்லும் பிள்ளையை விளையாட்டுப் பிள்ளையென யாரும் கருதார்.

அம்மாணவன் முதலில் அடித்து முடித்தது ஒரு கொக்கி. சற்றுக் கோணலானது. அவன் தாயார் அதிலே உறி தொங்கவிட்டிருக்கிறார். வாவியின் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காதிருக்க, வாரந்தோறும் அவனே தேங்காயெண்ணெய் தடவி வருகிறான்.